சனியின் மேல் குற்றமில்லை

நம் ஊரில் ஒருவர் புதிதாகக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முருகன் ஸ்டோர்ஸ் என்று பெயர் வைப்பார். லக்ஷ்மி விலாஸ் என்று வைப்பார். நாஸ்திகராக இருந்தால் தம்முடைய சொந்தப் பெயரையே வைத்துக்கொள்வார். 'சனீஸ்வரன் அண்ட் கோ' என்று போர்டு மாட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை.

ஆனால் ஜப்பான் தேசத்துக் கம்பெனி ஒன்று, தான் பணத்தைக் கொட்டித் தயாரித்த ஒரு யந்திரத்துக்கு 1994-ஆம் வருஷத்தில் 'ஸாட்டர்ன்' என்று நாமகரணம் செய்தது. ஸாட்டர்ன் என்றால் வேறு யாருமில்லை. சாக்ஷாத் சனி பகவானேதான். பெயர் வைத்த பலன் கைமேல் கிடைத்தது என்று ஜோசியர்கள் சொல்லக்கூடும். ஏழரை வருஷங்கூடத் தேவைப்படவில்லை. ஆறு வருஷம் சொச்சத்திலேயே அந்தக் கம்பெனி யந்திரம் செய்யும் தொழிலையே விட்டுவிட்டது.

இந்தக் கதை எனக்குத் தெரிய வந்தது என் தங்கை பையனால். ஒரு நாள் சாயங்காலம் அவன் டெலிவிஷனுக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ ஓட்டப் பந்தயம் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் மீசை வைத்த குள்ள மனிதன் ஒருவனும், நீல நிற முள்ளெலி ஒன்றும் தோளோடு தோள் உரச ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இவன் மேரியோ, இவன் ஸானிக். ஒரு காலத்தில் இரண்டு பேரும் பரம வைரிகள், தெரியுமோ?" என்றான்.

"அப்படியா? பிறகு எப்படி ஒன்றாக ஓடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஸானிக்கின் வீடு ஏலத்துக்குப் போய்விட்டது, மாமா. இப்போது மேரியோ வீட்டுக்கு வந்து விளையாடுகிறான்" என்றான்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் இப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்டால் சும்மா இருப்பானா? வீடு ஏன் போயிற்று, யாரால் போயிற்று என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ராஜ்யங்கள் கவிழ்ந்த சரித்திரத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் அதிலே இருந்தன: பயம், அவசரம், உட்பகை, சொன்ன சொல் தவறியது, கடைசியில் ஒரு முதியவரின் தியாகம்.

* * *

முதலில் ஒரு வார்த்தை. வீடியோ கேம் பெட்டி என்பது டெலிவிஷனோடு இணைத்து வைக்கும் சிறு யந்திரம். பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதும்; ஆட்டங்களைத் தனித்தனியாக வாங்கிப் போட்டு விளையாடலாம். கிராமபோனுக்கு இசைத்தட்டு எப்படியோ, அப்படி. நல்ல இசைத்தட்டுகள் வராத கிராமபோனை யார் வாங்குவார்கள்? ஆகவே பெட்டி செய்கிறவனுக்கு மூன்று பேருடைய தயவு வேண்டும்: ஆட்டங்களை எழுதித் தருகிற புரோகிராமர்கள், அலமாரியில் இடம் தருகிற கடைக்காரர்கள், காசு தருகிற ஜனங்கள். இந்த மூன்று பேரையும் மறக்காமல் இருங்கள். கதை முழுவதும் வருவார்கள்.

நான் சொல்லும் கம்பெனியின் பெயர் ஸெகா. அதன் பூர்வோத்தரம் விசித்திரமானது. அமெரிக்கப் பட்டாளத்தாருக்குக் காசு போட்டு ஆடும் யந்திரங்களை விற்பதற்காக ஏற்பட்டது 'ஸர்வீஸ் கேம்ஸ்' என்ற ஸ்தாபனம். அந்த இரண்டு வார்த்தைகளின் தலையெழுத்துக்களை ஒட்ட வைத்ததுதான் ஸெகா. அமெரிக்க விமானப் படையில் வேலை பார்த்துவிட்டு, 1954-ல் ஜப்பானில் அவசரப் புகைப்படம் எடுக்கும் கூண்டுகளை வைத்து வியாபாரம் ஆரம்பித்தவர் டேவிட் ரோஸன் என்பவர். 1965-ல் இந்த இரண்டு வியாபாரங்களும் கலந்து ஸெகா எண்டர்பிரைஸஸ் ஆயின. அடுத்த வருஷமே, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து குறி பார்த்துச் சுடும் 'பெரிஸ்கோப்' என்ற ஆட்டத்தால் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது.

பிற்பாடு வீட்டில் வைத்து விளையாடும் பெட்டிகளின் காலம் வந்தது. 1983-ஆம் வருஷம் ஜூலை 15-ந் தேதி ஸெகாவின் முதல் பெட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அதே நாளில்தான் நின்டெண்டோ கம்பெனியின் 'ஃபாமிகாம்' பெட்டியும் வந்தது. நின்டெண்டோவின் பெட்டி உலகத்தையே பிடித்துக்கொண்டது. ஸெகாவின் பெட்டியை இன்று சரித்திரம் படிக்கிறவர்கள்தாம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இந்த நிலைமையில் 1990-ல் ஸெகாவின் தலைவர் ஹயாவோ நகயாமா ஒரு காரியம் செய்தார். பார்பி பொம்மைகளை விற்றுப் பெயர் வாங்கிய டாம் கலின்ஸ்கி என்ற அமெரிக்கர், ஹவாய்த் தீவில் குடும்பத்தோடு கடற்கரையில் ஓய்வாக இருந்தார். நகயாமா அங்கேயே தேடிக்கொண்டு போய், "எங்கள் அமெரிக்கக் கிளையை நீங்கள்தான் நடத்த வேண்டும்" என்று அழைத்து வந்துவிட்டார்.

கலின்ஸ்கி சில மாதங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டோக்கியோவில் டைரக்டர்கள் முன்னிலையில் தம் யோசனைகளைச் சொன்னார். ஸெகாவின் 'ஜெனிஸிஸ்' பெட்டியின் விலையை 189 டாலரிலிருந்து 149-க்குக் குறைக்க வேண்டும். ஸானிக் ஆட்டத்தைப் பெட்டியோடு சும்மா கொடுத்துவிட வேண்டும். விளம்பரங்களில் நின்டெண்டோவைப் பெயர் சொல்லியே கேலி செய்ய வேண்டும். டைரக்டர்கள் அத்தனை பேரும் இது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நகயாமா எழுந்தார், வாசல் வரையில் போனார், திரும்பினார். அமெரிக்காவில் முடிவு செய்யும் அதிகாரத்தை உங்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தேன், அதனால் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்கிற கருத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பின்னாளில் கலின்ஸ்கியே பேட்டிகளில் சொன்ன சம்பவம் இது.

தமக்குப் பிடிக்காத யோசனையைக்கூட, கொடுத்த வாக்குக்காக ஒப்புக்கொண்டாரே, அந்த மனிதர் அன்று பெரிய மனிதர்! பலனும் பெரிதாகத்தான் கிடைத்தது. சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் அந்த ரகப் பெட்டிகளின் சந்தையில் பாதிக்கு மேல் ஸெகாவின் கைக்கு வந்தது. உலகம் முழுவதும் சுமார் 3 கோடி ஜெனிஸிஸ் பெட்டிகள் விற்றன.

ஆனால் எந்தக் குடும்பத்திலும் தம்பி அதிகமாகச் சம்பாதித்தால் அண்ணனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் வெற்றிக் கொடி நாட்டிய அதே பெட்டி, தாய்நாடான ஜப்பானில் மூன்றாவது இடத்தைத் தாண்டவில்லை. "அவர்களால் முடிகிறதே, உங்களால் ஏன் முடியவில்லை?" என்ற கேள்வி டோக்கியோ காரியாலயத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஒரே கம்பெனிக்குள் இரண்டு வீடுகள் ஏற்பட்டுவிட்டன.

* * *

இனிமேல்தான் பயம் பிரவேசிக்கிறது.

கார்ட்ரிட்ஜ் என்னும் செருகு பெட்டிகளின் காலம் போய், ஸி.டி. தட்டுகளின் காலம் வந்துகொண்டிருந்தது. எல்லோரையும் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஸெகா 'ஸெகா ஸி.டி.' என்ற துணை யந்திரத்தை வெளியிட்டது. அது தனியாக ஓடாது. ஜெனிஸிஸோடு ஒட்டித்தான் ஓடும். அமெரிக்காவில் 1992-ல் அதன் விலை 299 டாலர். நல்ல ஆட்டங்கள் கொஞ்சம்தான் வந்தன. பிறகு 1994 நவம்பரில், ஜெனிஸிஸின் தலைமேல் காளான் மாதிரி உட்காரும் '32எக்ஸ்' என்ற இன்னொரு துணை யந்திரம் வந்தது. விலை 159 டாலர்.

இந்த 32எக்ஸ் யந்திரத்துக்குக் கம்பெனிக்குள் வழங்கிய ரகசியப் பெயர் 'மார்ஸ்', அதாவது செவ்வாய். அது அமெரிக்காவில் வெளிவந்த அதே நவம்பர் மாதத்தில், 22-ந் தேதி, ஜப்பானில் ஸாட்டர்ன் வெளிவந்தது. செவ்வாயும் சனியும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில்! ஜோசியர்கள் மேலே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜோசியம் தெரியாதவனுக்கும் இதிலுள்ள அபத்தம் விளங்கும். இன்னும் சில மாதங்களில் வரப்போகும் புதுப் பெட்டி வேறு. அதற்கும் 32எக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. இதில் ஓடுவது அதில் ஓடாது. அப்படியிருக்க, ஜனங்களிடம் 159 டாலர் எதற்காக வாங்கினார்கள்?

நான் கதை எழுதுகிறவன். ஆகையால் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்கிறேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூரில் ஜானி என்ற பையன். 1991-ல் அப்பாவை நச்சரித்து 149 டாலருக்கு ஜெனிஸிஸ் வாங்கினான். அடுத்த வருஷம் 299 டாலருக்கு ஸெகா ஸி.டி. 1994 கிறிஸ்துமஸுக்கு 159 டாலருக்கு 32எக்ஸ். ஆக மொத்தம் 607 டாலர். ஆட்டங்களின் விலை தனி. ஐந்தே மாதத்தில் அவனிடம், "தம்பி, அதையெல்லாம் பரணில் போடு, ஸாட்டர்ன் வந்துவிட்டது, 399 டாலர் கொண்டு வா" என்றார்கள். கடைகளில் தேங்கிப்போன 32எக்ஸ் கடைசியில் இருபது டாலருக்குத் தள்ளப்பட்டதையும் ஜானி பார்த்தான். தான் நம்பிக் கொடுத்த பணத்தைக் கம்பெனி எவ்வளவாக மதித்தது என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது. இந்த ஜானியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவான்.

ஸெகாவின் பயத்துக்குக் காரணம் ஸோனி. அந்த ஸோனியும் ஒரு அவமானத்தினால் உள்ளே வந்தவர்கள்தான். நின்டெண்டோவுக்கு ஸி.டி. யந்திரம் செய்து கொடுப்பதாக ஸோனி ஒப்பந்தம் செய்திருந்தது. 1991-ல் ஒரு கண்காட்சியில் ஸோனி அதை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, "நாங்கள் ஃபிலிப்ஸோடு சேரப் போகிறோம்" என்று உலகறியச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்த பிறகு பெண் வீட்டார் வேறு வரனைப் பார்த்த மாதிரி! அந்த அவமானத்திலிருந்து, கென் குதராகி என்ற இன்ஜினியரின் பிடிவாதத்தால் பிறந்தது பிளேஸ்டேஷன். அது முப்பரிமாணப் படங்களைத் திரையில் சுழற்றிக் காட்டும் திறமையில் கெட்டிக்காரப் பெட்டி.

ஸெகாவுக்கு வேறு வழிகளும் இருந்தன. ஸிலிக்கான் கிராபிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன்னுடைய சில்லை ஸெகாவுக்குக் கொடுக்க முன்வந்தது என்றும், டோக்கியோ இன்ஜினியர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கலின்ஸ்கி சொல்லியிருக்கிறார். பிற்பாடு அந்தக் கம்பெனியின் உதவியோடுதான் 1996-ல் 'நின்டெண்டோ 64' வந்தது. ஸோனியோடு கூட்டாக ஒரு பெட்டி செய்யலாம் என்ற யோசனையையும் டோக்கியோ நிராகரித்துவிட்டது என்பது அவர் வாக்குமூலம். அமெரிக்க வீட்டார் எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லுகிற நிலைமை வந்துவிட்டது.

ஸாட்டர்ன் முதலில் தட்டையான சித்திர ஆட்டங்களுக்கு ஏற்றதாகத்தான் திட்டமிடப்பட்டது. பிளேஸ்டேஷனின் சக்தியைப் பற்றிய செய்தி காதில் விழுந்ததும், இருந்ததோடு இன்னொரு ஹிட்டாச்சி மூளையையும் சேர்த்து, இரண்டு மூளையுள்ள பெட்டியாக ஆக்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாளம் தப்பாமல் மாற்றி மாற்றிக் குத்தினால் வேலை இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதும். ஸாட்டர்னின் இரண்டு மூளைகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று போகும்போது மற்றது காத்திருக்கும். மற்றவர்கள் முக்கோணங்களைக் கொண்டு உருவங்கள் செய்தபோது இந்தப் பெட்டி நாற்கோணங்களைக் கேட்டது. ஸெகாவின் தலைசிறந்த ஆட்டங்களைப் படைத்த யூ சுஸுகியே, இதிலிருந்து முழு வேகத்தையும் எடுக்கக்கூடிய புரோகிராமர் நூற்றில் ஒருவர்தான் இருப்பார் என்ற கருத்தில் பேசினார். மீதித் தொண்ணூற்றொன்பது பேரும் என்ன செய்வார்கள்? சுலபமான ஸோனிப் பெட்டிக்குத்தான் போவார்கள், போனார்கள்.

* * *

1995-ஆம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி. லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரம். 'ஈ-3' என்ற பெரிய கண்காட்சி முதன்முதலாகக் கூடியிருந்தது.

ஸாட்டர்ன் அமெரிக்காவில் செப்டம்பர் 2-ந் தேதி, சனிக்கிழமை, வரும் என்று ஸெகா முன்பே அறிவித்திருந்தது. கடைக்காரர்கள் அதை நம்பி இடம் ஒதுக்கியிருந்தார்கள். புரோகிராமர்கள் அதை நம்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிளேஸ்டேஷன் செப்டம்பர் 9-ல் வருவதாக இருந்தது. ஒரு வாரம் முந்துவது போதாது, நாலு மாதம் முந்த வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து உத்தரவு வந்தது. கலின்ஸ்கிக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் ஹவாய்க் கடற்கரையில் கொடுத்த வாக்கு அதற்குள் பழசாகிவிட்டது. அவர் மேடையேறி, ஸாட்டர்ன் இன்றைக்கே கடைகளில் கிடைக்கிறது என்று அறிவித்தார். விலை 399 டாலர்.

கை தட்டல் ஓய்வதற்குள் கணக்குப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையிருப்பில் இருந்தவை சுமார் 30,000 பெட்டிகள். அவற்றை நாலே நாலு கடைக் கம்பெனிகளுக்கு மட்டும் ரகசியமாக அனுப்பியிருந்தார்கள். வால்மார்ட், பெஸ்ட் பை போன்ற பெரிய கடைக்காரர்களுக்கு ஒன்றும் கிடையாது. தம்மைச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி அவர்கள் உணர்ந்தார்கள். 'கே-பி டாய்ஸ்' என்ற பொம்மைக் கடைக்காரர்கள், "உங்கள் ஸாட்டர்னே எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றே ஸோனியின் முறை வந்தது. ஸோனியின் அந்தப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஓலாஃப் ஓலாஃப்ஸன். ஐஸ்லாந்து தேசத்தவர், நாவலாசிரியர்! கதை எழுதுகிறவர்களுக்கு வியாபாரம் வராது என்று வீட்டில் அடிக்கடி கேட்க நேரும் எனக்கு, இந்தச் செய்தி மிகுந்த ஆறுதல் அளித்தது. அவர் தம் பேச்சின் நடுவே ஸ்டீவ் ரேஸ் என்ற சகாவை மேடைக்கு அழைத்தார். ரேஸ் வந்தார், ஒலிபெருக்கி முன் நின்றார், "இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னார், இறங்கிப் போய்விட்டார். அரங்கம் அதிர்ந்தது. நல்ல சிறுகதைக்கு எங்கே முடிக்க வேண்டும் என்பதுதான் ரகசியம். அது அந்த நாவலாசிரியருக்குத் தெரிந்திருந்தது.

அவசரமாக வந்த ஸாட்டர்னோடு விற்பனைக்கு இருந்த ஆட்டங்கள் ஆறே ஆறு. மற்ற கம்பெனிகள் செப்டம்பருக்குத்தானே தயாராகிக்கொண்டிருந்தன? இந்த இடத்தில் என் சொந்த அநுபவம் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு பத்திரிகையில் தீபாவளி இதழிலிருந்து என் தொடர்கதை ஆரம்பமாவதாகப் பேச்சு. போட்டிப் பத்திரிகையில் யாரோ பிரபல எழுத்தாளரின் கதை வருகிறது என்று கேள்விப்பட்ட ஆசிரியர், என்னைக் கேட்காமலே ஆடி மாதத்தில் முதல் அத்தியாயத்தை அச்சிட்டுவிட்டார். என் கையில் எழுதி முடித்தவை மூன்று அத்தியாயங்கள்! நாலாவது வாரத்திலிருந்து கதாநாயகன் ரயிலில் போய்க்கொண்டே இருந்தான். ஊர் வந்து சேரவில்லை. "கதை ஏன் நகரவில்லை?" என்று வாசகர்கள் எழுதிய கடிதங்கள் எனக்குத்தான் வந்தன, ஆசிரியருக்கு வரவில்லை. முந்திக்கொள்வது வேறு, தயாராக இருப்பது வேறு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ரயிலில்தான்.

ஸாட்டர்ன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. செப்டம்பரில் வந்த பிளேஸ்டேஷன், ஸாட்டர்ன் நாலு மாதமாக விற்றதை இரண்டே நாளில் தாண்டிவிட்டது என்பார்கள். அக்டோபரில் ஸாட்டர்னின் விலையையும் 299 ஆக்கினார்கள். விலையைக் குறைத்துவிடலாம், மனஸ்தாபத்தைக் குறைப்பது எப்படி?

ஸானிக்காவது வந்து காப்பாற்றியிருக்கலாம். ஜனங்கள் அவனைத்தான் எதிர்பார்த்தார்கள். ஸானிக்கைப் படைத்த ஜப்பானியக் குழு வேறு ஆட்டத்தில் ஈடுபட்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு குழு புதிய ஸானிக் ஆட்டம் ஒன்றை 1996 கிறிஸ்துமஸுக்குள் முடிக்க இரவு பகலாகப் பாடுபட்டது. உழைத்தவர்களில் ஒருவர் நிமோனியாவில் விழுந்தார். ஆட்டம் வரவே இல்லை. கலின்ஸ்கியும் 1996-ல் விலகிவிட்டார். அவர் போன பிறகு வந்த பெர்னி ஸ்டோலர், 1997 கண்காட்சியில், ஸாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று பகிரங்கமாகவே சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் கடையில் இன்னும் பெட்டி விற்றுக்கொண்டிருக்கும்போது முதலாளியே அப்படிச் சொன்னால், வாங்க வந்தவன் பர்ஸை மூடிக்கொண்டு போகமாட்டானா?

* * *

ஜப்பானில் மட்டும் ஸாட்டர்னுக்குக் கௌரவமான வாழ்க்கை இருந்தது. அங்கே அரைக் கோடிக்கு மேல் விற்றது. அங்கே அதற்கு ஒரு வீரனும் கிடைத்தான்: விளம்பரப் படங்களில் வந்த ஸெகாட்டா ஸன்ஷிரோ. ஜூடோ உடையில் வரும் இந்த முரட்டு ஆசாமி, ஸாட்டர்ன் விளையாடாமல் வெளியே சுற்றும் இளைஞர்களைத் தூக்கிப் போட்டு உதைப்பான். அவன் பெயரையே "ஸெகா ஸாட்டர்ன் விளையாடு!" என்று ஜப்பானியில் ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். 1998-ல் வந்த கடைசி விளம்பரத்தில், ஸெகா காரியாலயத்தை நோக்கி ஓர் ஏவுகணை வருகிறது. ஸன்ஷிரோ கூரையிலிருந்து பாய்ந்து அதைக் கட்டிக்கொண்டு, ஆகாயத்துக்குத் திருப்பிக்கொண்டு போய், தானும் வெடித்து மறைகிறான். விளம்பரம்தான், ஆனாலும் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது.

உண்மையில் வந்த ஏவுகணையை யாரும் திருப்பவில்லை. 1998 மார்ச்சில் முடிந்த கணக்கு வருஷத்தில் ஸெகாவுக்கு 3,560 கோடி யென் நஷ்டம். அந்த வருஷ ஆரம்பத்திலேயே நகயாமா தலைவர் பதவியை விட்டு விலகினார்.

பிறகு ஸெகா தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பெட்டியைச் செய்தது. அதன் பெயர் டிரீம்காஸ்ட். 1998 நவம்பர் 27-ந் தேதி ஜப்பானில் வந்தது. ஒரே மூளை, புரோகிராமர்களுக்குச் சுலபம், டெலிபோன் கம்பி வழியே வெளியுலகத்தோடு இணைந்து விளையாடும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. இந்தத் தடவை ஸெகா தன் தவறுகளை ஒப்புக்கொண்டது. எப்படித் தெரியுமா? விளம்பரத்தில், தெருவில் போகும் சிறுவர்கள், "ஸெகா எதற்கு? பிளேஸ்டேஷன்தான் நன்றாயிருக்கிறது" என்று பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டு மனமுடைகிறவர் நடிகரல்ல. ஸெகாவின் டைரக்டர் யுகாவாவே நேரில் வந்து நடித்தார்! எதிரியின் பெயரைச் சொல்லித் தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் விளம்பரத்துக்குக் காசு கொடுத்த கம்பெனி வேறு உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9-ல், சொன்ன நாளில், சொன்ன விலையான 199 டாலருக்கு டிரீம்காஸ்ட் வந்தது. முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் இரண்டேகால் லட்சம் பெட்டிகள். ஏறக்குறைய 9 கோடியே 84 லட்சம் டாலர் வரும்படி. எல்லோரும், "சனி விட்டது" என்று நினைத்தார்கள்.

விடவில்லை. ஜெனிஸிஸ் காலத்தில் ஸெகாவுக்கு விளையாட்டுப் போட்டி ஆட்டங்களை எழுதிக் குவித்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி, டிரீம்காஸ்டுக்கு ஒன்றுகூட எழுதவில்லை. ஆட்டத் தட்டுகளைச் சுலபமாகத் திருட்டுப் பிரதி எடுக்கும் வழியையும் சிலர் 2000-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸோனி தன் பிளேஸ்டேஷன் 2 வருகிறது, அதில் டி.வி.டி. சினிமாவும் பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டது.

இங்கேதான் நம் ஜானி திரும்பி வருகிறான். இப்போது அவன் வாலிபன், சொந்தமாகச் சம்பாதிக்கிறான். கடைக் கண்ணாடிக்கு முன் நின்று டிரீம்காஸ்டைப் பார்க்கிறான். அழகாகத்தான் இருக்கிறது, மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பரணில் ஒரு ஸெகா ஸி.டி.யும், ஒரு 32எக்ஸும் தூசி படிந்து கிடப்பது அவன் ஞாபகத்துக்கு வருகிறது. "இன்னும் ஒரு வருஷம் பொறுத்து ஸோனியையே வாங்கலாமே!" என்று நினைத்துக்கொண்டு நடக்கிறான். டிரீம்காஸ்டிடம் அவனுக்கு ஒரு விரோதமும் இல்லை. தகப்பன் கொடுத்த பொய் வாக்குக்குப் பிள்ளையிடம் வட்டி வசூலாகிறது, அவ்வளவுதான். இத்தகைய ஜானிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

2001 ஜனவரி 31-ந் தேதி, இனிமேல் பெட்டி செய்வதில்லை என்று ஸெகா அறிவித்தது. டிரீம்காஸ்ட் மொத்தம் விற்றது சுமார் 91 லட்சம். ஸாட்டர்ன் 92 லட்சம். முதல் பிளேஸ்டேஷன் மட்டும் 10 கோடிக்கு மேல்.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைத் தொட்டவர் இஸாவோ ஒகாவா என்ற முதியவர். ஸெகாவை வாங்கிய ஸி.எஸ்.கே. கம்பெனியின் ஸ்தாபகர், கடைசியில் ஸெகாவுக்கும் அவரே தலைவர். பெட்டிகளை விட்டுவிட்டு ஆட்டங்களை மட்டும் எழுதிப் பிழைக்கலாம் என்பதுதான் அவருடைய யோசனையும். நோயில் படுத்திருந்த அவர், ஸெகா தமக்குத் தர வேண்டிய கடனை ரத்து செய்தார். ஏறக்குறைய 70 கோடி டாலர் பெறுமான தம் சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்தார். 2001 மார்ச் 16-ல் காலமானார். விளம்பரப் படத்தில் ஸன்ஷிரோ செய்ததை வாழ்க்கையில் செய்தவர் அவர். அந்தப் பணம் கம்பெனியைக் காப்பாற்றியது, ஸெகாவும் பிழைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஸானிக், நின்டெண்டோவின் பெட்டியில் முதல் தடவையாக ஓடினான். 2007-ல் மேரியோவும் அவனும் ஒலிம்பிக் பந்தயத்தில் சேர்ந்தே ஓடினார்கள். என் தங்கை பையன் அன்று விளையாடிய ஆட்டம் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

இவ்வளவையும் அவனுக்குச் சொல்லி முடித்தேன். "அப்படியானால், சனி என்று பெயர் வைத்ததால் தோற்கவில்லையா, மாமா?" என்று கேட்டான்.

"சனியின் மேல் குற்றமில்லை, அப்பா. ஹவாயில் ஒரு மனிதரை நம்பி வாக்குக் கொடுத்தார்கள், ஜெயித்தார்கள். பிறகு பயம் வந்தது. அவரையும் நம்பவில்லை, கடைக்காரரையும் நம்பவில்லை, பணம் கொடுத்த பையனுக்கும் உண்மை சொல்லவில்லை. செப்டம்பர் என்று சொல்லிவிட்டு மே மாதத்தில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சரியான தேதியில் வந்தபோதும், ஜானிகள் வாசலில் காத்திருக்கவில்லை" என்றேன்.

பையன் சிறிது நேரம் யோசனை செய்தான். பிறகு மெதுவாக, "மாமா, எனக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கித் தருவதாகப் போன வருஷம் சொன்னீர்களே, எப்போது?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்ன கதை என் பக்கமே திரும்பிவிட்டது! காலண்டரைப் பார்த்தேன்; என் நாவலுக்குப் பதிப்பாளர் பணம் தரும் மாதத்தைக் கணக்கிட்டேன்.

"செப்டம்பரில்" என்றேன்.

செப்டம்பர் என்றால் செப்டம்பர்தான். ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.